மைக்கேல் காலின்ஸ் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக வாசகர் வட்டத்தில் அயர்லாந்து விடுதலைப் போரைப் பற்றிப் பேசத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் யாராவது ஒருவர் அதே சந்தேகத்தோடு வருவார். வீட்டுக்கு வந்தால் போனிலும் அதே கேள்வி. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எல்லோரும் காலின்ஸைத் துப்பாக்கிக்காரராகவே நினைக்கிறார்கள். எனக்கு அவர் முதலில் ஒரு கணக்குப்பிள்ளை. பதில்களில் அது தெரிந்தால் தெரியட்டும்.

மைக்கேல் காலின்ஸ் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

அயர்லாந்தின் தெற்கே கார்க் மாவட்டத்தில், க்ளோனகில்டி ஊருக்குப் பக்கத்தில் வுட்ஃபீல்ட் என்ற பண்ணை வீட்டில் 1890 அக்டோபர் 16 அன்று பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு வயதில் அப்பாவை இழந்தார். 1919 முதல் 1921 வரை பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த போரில் உளவுப் பிரிவுக்குத் தலைவர், தலைமறைவு அரசுக்கு நிதியமைச்சர், இரண்டும் அவர்தான். 1921 டிசம்பரில் லண்டனில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1922 ஆகஸ்ட் 22 அன்று சொந்த மாவட்டத்தில், சொந்த நாட்டுக்காரர்களின் குண்டுக்குப் பலியானார். அப்போது வயது 31.

அயர்லாந்து, இங்கிலாந்து எல்லாம் பக்கத்துப் பக்கத்துல ஒண்ணா இருந்ததுதானே? எதுக்குச் சண்டை?

ஒன்றாக இருந்தது என்பதைவிட ஒன்றாக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். பல நூற்றாண்டு ஆதிக்கத்துக்குப் பிறகு 1801-ல் அயர்லாந்தின் நாடாளுமன்றத்தையே கலைத்து லண்டனோடு இணைத்தார்கள். நிலம் பெரும்பாலும் நிலப்பிரபுக்களிடம் இருந்தது, உழுதவர்கள் குத்தகைக்காரர்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அந்தச் சமயத்திலும் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. ஐரிஷ் வீடுகளில் இது பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசப்பட்ட விஷயம்.

பிறகு பல வருடம் போராடி, உள்நாட்டு ஆட்சிக்கான சட்டத்தை 1914-ல் நிறைவேற்ற வைத்தார்கள். உலகப் போர் வந்ததும் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். கேட்டுப் பெறலாம் என்ற நம்பிக்கை இளைஞர்களுக்கு அங்கேதான் விட்டுப்போனது.

காலின்ஸ் ராணுவத்துல பயிற்சி எடுத்தவரா?

இல்லை. 1906-ல், பதினைந்து வயதில், லண்டனில் தபால் அலுவலகச் சேமிப்பு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அக்கா ஹானியும் அங்கேதான் வேலை பார்த்தார், அவரோடு தங்கினார். பிறகு பங்குத் தரகர் அலுவலகம், அதன்பின் ஒரு அமெரிக்க நிதி நிறுவனத்தின் லண்டன் கிளை. பத்து வருடம் பேரேடு, ரசீது, கோப்பு என்று போனது. எந்தக் காகிதம் எந்த மேசைக்கு எப்போது போகும், ஓர் அலுவலகத்தில் யாருக்கு எல்லாம் தெரியும் என்பதை அங்கே படித்துக்கொண்டார். பிற்காலத்தில் ஒரு பேரரசின் நிர்வாகத்தையே அவர் குடைந்தெடுத்தது இந்தப் படிப்பை வைத்துத்தான் என்பது என் எண்ணம்.

மாலையில் கேலிக் விளையாட்டுக் கழகம். அங்கே பழகிய சாம் மக்வயர் 1909-ல் இவரை அயர்லாந்து குடியரசுச் சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்பில் சேர்த்துவிட்டார். இன்றைக்கும் அயர்லாந்து முழுவதும் மாவட்ட அணிகள் மோதும் கேலிக் கால்பந்துக் கோப்பைக்குச் சாம் மக்வயர் பெயர்தான்.

1916 ஈஸ்டர் எழுச்சிக்கு அவர்தான் தலைவரா?

இல்லை, அப்போது அவர் சின்னப் பையன். டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஈஸ்டர் வாரத்தில் நடந்த ஆயுதக் கிளர்ச்சி அது. பேட்ரிக் பியர்ஸ், ஜேம்ஸ் கானலி, டாம் க்ளார்க் போன்றவர்கள்தான் தலைவர்கள். காலின்ஸ் ஜோசப் பிளங்கெட் என்ற தலைவருக்கு உதவியாளராக டப்ளின் தலைமைத் தபால் நிலையத்துக்குள் இருந்தார். ஏப்ரல் 24 திங்கட்கிழமை தொடங்கியது, 29-ஆம் தேதி சரணடைந்தார்கள். மே 3-க்கும் 12-க்கும் இடையில் தலைவர்களைப் பிரிட்டிஷார் சில நாள் விடியலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுக் கொன்றார்கள். காலில் குண்டுக் காயத்தோடு நிற்க முடியாமல் இருந்த கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். எழுச்சியை முதலில் திட்டிய டப்ளின்காரர்கள்கூட அதற்குப் பிறகு மாறிப்போனார்கள்.

காலின்ஸ் வேல்ஸில் ஃப்ராங்காக் முகாமில் அடைக்கப்பட்டு, அந்த டிசம்பரில் விடுதலையானார். ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு கொடி ஏற்றி உள்ளே உட்கார்ந்தால் பீரங்கி அடித்து எழுப்பிவிடும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை சீருடையும் கட்டடமும் இல்லாமல், யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத போராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

டி வேலராவை ஜெயில்ல இருந்து கேக்குக்குள்ள சாவி வச்சுத் தப்பிக்க வச்சாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஈமன் டி வேலரா 1916-ல் உயிர் தப்பிய தளபதி, ஷின் ஃபெயின் கட்சியின் தலைவர். 1918-ல் இங்கிலாந்தில் லிங்கன் சிறையில் இருந்தார். சிறைத் தேவாலயத்தில் பூசைக்கு உதவும்போது பாதிரியாரின் சாவி கைக்கு எட்டியது. மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி அதில் சாவியின் அச்சை எடுத்தார். அதை வெளியே எப்படிச் சொல்வது? இன்னொரு கைதி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரைந்தார்: குடித்துவிட்டு வீட்டு வாசலில் பெரிய சாவியோடு தடுமாறும் ஆள். அந்தச் சாவிதான் அளவெடுத்து வரைந்த சாவி. தணிக்கை அதிகாரி சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார்.

கேக்கில் வந்த முதல் சாவிகள் பொருந்தவில்லை. கடைசியில் வெட்டாத சாவித் துண்டும் அரமும் கேக்குக்குள் வந்தன, உள்ளே இருந்த கைதி ஒருவரே ராவிச் செய்தார். 1919 பிப்ரவரி 3 இரவு காலின்ஸும் ஹாரி போலண்டும் வெளி வாசலுக்கு வந்து நின்றார்கள். காலின்ஸ் தன்னிடம் இருந்த சாவியை வெளியிலிருந்து போட்டுத் திருப்பியதும் அது பூட்டுக்குள் உடைந்துவிட்டது. டி வேலரா உள்ளே இருந்து தன் சாவியால் அந்த உடைந்த துண்டைக் குத்தி வெளியே தள்ளித் திறந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த வாசலின் இரண்டு பக்கமும் நின்ற மூவரும் நான்கு வருடத்துக்குள் எங்கே போய் நின்றார்கள் என்பது கீழே வரும்.

தலைமறைவா இருந்தவர் எப்படி நிதியமைச்சர் ஆக முடியும்?

1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ ஷின் ஃபெயின் பிடித்தது. வென்றவர்கள் லண்டனுக்குப் போகாமல் 1919 ஜனவரி 21 அன்று டப்ளினிலேயே டால் என்ற சொந்த நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். அந்த ஏப்ரலில் காலின்ஸ் நிதியமைச்சரானார். அரசு என்றால் சம்பளம், வாடகை, காகிதம் எல்லாம் வேண்டும். மக்களிடமே கடன் பத்திரம் விற்றார். உள்நாட்டு இலக்கு 2,50,000 பவுண்டு. வசூலானது 3,70,000 பவுண்டுக்கும் மேல். விளம்பரம்கூடச் செய்ய விடாமல், வெளியிட்ட பத்திரிகைகளை மூடியது பிரிட்டிஷ் நிர்வாகம். அதற்கு அவர் ஒரு சின்னப் படம் எடுத்தார்: டப்ளினில் ஒரு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து பத்திரம் விற்கிற காட்சி. தொண்டர்கள் திரையரங்குகளுக்குப் போய் அதை ஓட்டச் சொல்லி, முடிந்ததும் சுருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பணத்தில் ஒரு பகுதியைத் தங்கமாக மாற்றி, பேட் ஓ'கானர் என்ற கட்டட மேஸ்திரி தன் வீட்டுத் தரைக்கடியில் புதைத்து வைத்தார். தலைக்கு மேல் போலீஸ் தேடுகிறது, ஆனால் கடன் கொடுத்தவருக்கெல்லாம் ரசீது போனது. ரசீது வரத் தாமதமானால் கிளைச் செயலருக்குக் காலின்ஸிடமிருந்து கோபமாகக் கடிதம் போகும். விடுதலைக்குப் பிறகு அந்தக் கடன் வட்டியோடு திருப்பித் தரப்பட்டது. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

போலீஸ் தேடும்போதே டப்ளின் நடுவுல சைக்கிள்ல சுத்தினாராமே? எப்படிப் பிடிபடலை?

போலீஸிடம் அவருடைய நல்ல புகைப்படம் இல்லை. தேடப்படும் ஆள் தாடி வைத்து, தொப்பியை இழுத்துவிட்டு, சந்துக்குள் ஒளிவான் என்று சிப்பாய்கள் எதிர்பார்த்தார்கள். இவர் இஸ்திரி போட்ட கோட்டு சூட்டு, டை, கையில் காகிதக் கட்டு என்று ஆபீஸ் போகிறவர் மாதிரியே போவார். சோதனைச் சாவடியில் சிப்பாயிடம் நின்று பேச்சுக் கொடுப்பார். அடுத்த பதிலில் வரும் உள்ளாட்களும் ஒரு காரணம். சோதனை எங்கே நடக்கப்போகிறது என்ற தகவல் பல சமயம் அவருக்கு முன்கூட்டியே வந்துவிடும்.

உளவு வலை எப்படிப் பின்னினார்?

டப்ளின் காவல்துறையில் ஜி பிரிவு என்று ஒன்று. அரசியல்காரர்களைக் கண்காணித்துக் கோப்பு எழுதுவது அதன் வேலை. அங்கே எழுத்தராக இருந்த நெட் பிராய் மனதளவில் இந்தப் பக்கம். கோப்பைத் தட்டச்சு செய்யும்போது கூடுதலாக ஒரு கார்பன் தாள் வைப்பார், அந்தப் பிரதி காலின்ஸிடம் போகும். 1919 ஏப்ரலில் ஓர் இரவு, பிராய் பணியில் தனியாக இருக்கும்போது காலின்ஸையே காவல் நிலையத்துக்குள் விட்டு, கோப்பறையைத் திறந்துவிட்டார். விடியும்வரை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார் காலின்ஸ். தன் கோப்பையும் பார்த்தார். மூளைக்காரக் குடும்பம் என்று அதில் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தாராம்.

பிராய் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையகமான டப்ளின் கோட்டையில் ராணுவ அலுவலகத் தட்டச்சராக இருந்த லிலி மெர்னின், துப்பறிவாளர் டேவிட் நெலிகன், தபால்காரர்கள், ரயில்வே ஆட்கள், ஹோட்டல் சுமைகாரர்கள் என்று நீளும். பெரிய அதிகாரிகளைவிட, அவர்களுடைய காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைத்தான் அவர் பிடித்தார். தானும் அப்படி நடந்தவர் இல்லையா?

படத்துல அந்த பிராயைச் சித்திரவதை பண்ணிக் கொன்னுடுவாங்களே?

'மைக்கேல் காலின்ஸ்' என்ற 1996 ஹாலிவுட் படத்தில் அப்படித்தான். உண்மையில் பிராய் 1972 வரை வாழ்ந்தார். 1933-ல் சுதந்திர அயர்லாந்தின் காவல்துறைக்கே ஆணையரானார். டப்ளின் கோட்டையில் காவலில் கொல்லப்பட்டவர்கள் டிக் மக்கீ, பீடர் க்ளான்சி, கானர் க்ளூன் என்ற மூவர். படத்தில் கவச வண்டி மைதானத்துக்குள் வந்து சுடுவதும் கற்பனை. சுட்டவர்கள் உள்ளே புகுந்த போலீஸ் படையினர். மைதானத்தில் நடந்தது என்ன என்பது அடுத்த பதிலில்.

ரத்த ஞாயிறுன்னா 1972-ல நடந்தது இல்லையா?

இரண்டு உண்டு. 1972-ல் டெரி நகரில் நடந்தது வேறு. இங்கே பேசுவது 1920 நவம்பர் 21. காலையில் ஸ்குவாட் என்ற காலின்ஸின் கொலைப் படையும் டப்ளின் தொண்டர்களும் நகரத்தில் பல வீடுகளுக்குள் புகுந்து, பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் என்று பட்டியலிட்டவர்களைச் சுட்டார்கள். சிலரை மனைவியின் கண் முன்னால். மதியம் டப்ளின், டிப்பரரி அணிகள் மோதிய கால்பந்து ஆட்டத்துக்காகக் க்ரோக் பார்க்கில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். போலீஸ் படை உள்ளே புகுந்து கூட்டத்தைச் சுட்டது. 14 பேர் செத்தார்கள். டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் அதில் ஒருவர், பத்து வயதுப் பையன் ஒருவன், சில நாளில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண் ஒருவர். அந்த இரவில்தான் மேலே சொன்ன மூவரும் கோட்டையில் கொல்லப்பட்டார்கள்.

அப்போ அவர் கொலைக்கு உத்தரவு போட்டவர்தானே? அவரை எப்படிக் கொண்டாட முடியும்?

இதைக் கேட்பவர்களிடம் நான் மழுப்புவதில்லை. ஆம், அவர் உத்தரவில் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். காலையில் செத்தவர்களில் உளவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இருந்தார்கள். வங்கிக் கணக்குகளில் அவருடைய கடன் பணத்தைத் தேடிக்கொண்டிருந்த ஆலன் பெல் என்ற வயதான நீதிபதியை 1920 மார்ச்சில் டிராமிலிருந்து இறக்கி நடுத்தெருவில் சுட்டார்கள். கணக்குப்பிள்ளை என்று நான் வாஞ்சையோடு சொல்லும் ஆளுடைய கணக்கில் இதுவும் உண்டு.

எதிர்ப்பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிளாக் அண்ட் டான்ஸ் என்ற கூலிப் போலீஸ் கிராமங்களில் செய்த அட்டகாசம், 1920 டிசம்பரில் கார்க் நகரின் நடுப்பகுதியைக் கொளுத்தியது, 1921 ஏப்ரலில் காலின்ஸ் பிறந்த வீட்டையே எசெக்ஸ் படைப்பிரிவு எரித்தது. மேற்குக் கார்க்கில் அந்தப் படைப்பிரிவின் உளவு அதிகாரி ஆர்தர் பெர்சிவல். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? 1942-ல் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்தவர் அவரேதான். இவ்வளவையும் வைத்துப் பார்த்தாலும் வீட்டுக்குள் புகுந்து சுட்டது சரியாகிவிடாது. அவரை மதிக்கிறேன், அந்தக் காலையை மதிக்கவில்லை.

லண்டன் பேச்சுவார்த்தைக்கு டி வேலரா ஏன் போகலை?

1921 ஜூலை 11 அன்று போர் நிறுத்தம். அந்த மாதமே டி வேலரா லண்டன் போய்ப் பிரதமர் லாயிட் ஜார்ஜை நான்கு முறை சந்தித்தார். முழுக் குடியரசு கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அக்டோபரில் உண்மையான பேச்சுவார்த்தைக்கு ஷின் ஃபெயின் நிறுவனர் ஆர்தர் கிரிஃபித்தையும் காலின்ஸையும் இன்னும் மூவரையும் அனுப்பினார். குடியரசின் தலைவர் பின்னால் இருந்தால் அவசரப்பட்டு எதற்கும் சம்மதிக்க வேண்டியிருக்காது என்பது அவர் சொன்ன காரணம். காலின்ஸ் போகவே விரும்பவில்லை. நான் போராளி, பேரம் பேசுகிறவன் இல்லை என்று மல்லாடிப் பார்த்தார். தெரிந்தே பழியை அடுத்தவர் தலையில் கட்டினார் டி வேலரா என்பது என் கருத்து. மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

டிசம்பர் 5 இரவு லாயிட் ஜார்ஜ், இப்போதே கையெழுத்துப் போடாவிட்டால் மூன்று நாளில் போர் என்றார். டப்ளினுக்கு ஒரு போன்கூடப் போடாமல், 6-ஆம் தேதி விடிவதற்கு முன்பே கையெழுத்திட்டார்கள். எனக்கு நானே மரணத் தண்டனை எழுதிக்கொண்டேன் என்று காலின்ஸ் சொன்னதாக எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் இருக்கிறது.

நாட்டை ரெண்டாப் பிரிச்சுக் கையெழுத்துப் போட்டவரே அவர்தானே?

அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பிரிவினைச் சட்டம் 1920-லேயே லண்டனில் நிறைவேறிவிட்டது. 1921 ஜூனில் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்து நாடாளுமன்றத்தை மன்னரே திறந்துவைத்தார். காலின்ஸ் லண்டன் போனபோது நாடு ஏற்கெனவே பிரிந்திருந்தது. எல்லை ஆணையம் ஒன்று வந்து நிறையப் பகுதியைத் தெற்கோடு சேர்க்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது, 1925-ல் ஆணையத்தின் வேலை அப்படியே கைவிடப்பட்டது.

டாலில் நடந்த சண்டை பெரும்பாலும் எல்லையைப் பற்றியும் இல்லை. ஒப்பந்தம் தந்தது முழுக் குடியரசு இல்லை, பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே ஒரு தன்னாட்சி நாடு. அதனால் வந்த, மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழிதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதற்குக் காலின்ஸ் தந்த பதில்: இது எல்லா நாடுகளும் விரும்பும் இறுதி விடுதலை இல்லை, அதை அடைவதற்கான விடுதலை. 1922 ஜனவரி 7 அன்று 64-க்கு 57 என்று ஒப்பந்தம் தேறியது. டி வேலரா வெளியேறினார்.

தன்கூடப் போராடினவங்க மேலயே பீரங்கி விட்டாரா?

விட்டார். அதுவும் பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய பீரங்கி. ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் ஏப்ரலில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைப் பிடித்திருந்தார்கள். அப்போது தற்காலிக அரசின் தலைவராக இருந்த காலின்ஸ் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்துப் பார்த்தார், டி வேலராவோடு தேர்தல் உடன்பாடுகூடப் போட்டார். ஜூன் தேர்தலில் மக்கள் ஒப்பந்தத்தின் பக்கம் நின்றார்கள். நீங்கள் காலி செய்யாவிட்டால் நாங்கள் செய்வோம் என்று லண்டன் மிரட்ட, ஜூன் 28 விடியலில் சுடத் தொடங்கினார். உள்ளே இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து, நூற்றாண்டுக் கணக்கான பதிவேடுகள் சாம்பலாகி டப்ளின் தெருக்களில் பறந்தன. காகிதத்தை அவ்வளவு மதித்த ஒருவர் காலத்தில் இது நடந்ததை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

லிங்கன் சிறை வாசலில் நின்ற மூவரைச் சொன்னேனே. ஹாரி போலண்ட் எதிர்ப்பக்கம் போனார். ஆகஸ்ட் தொடக்கத்தில் காலின்ஸின் அரசுப் படை சுட்டு இறந்தார்.

அவரைக் கொன்னது யாரு? டி வேலராவா?

டி வேலரா அப்போது அந்தப் பகுதியில் இருந்தார் என்பது உண்மை. உத்தரவிட்டார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆகஸ்ட் 12-ல் கிரிஃபித் இறந்தார். அடுத்த வாரம் காலின்ஸ், தலைமைத் தளபதியாக, கார்க்குக்குப் போனார். எதிர்த்தரப்பு கார்க் வங்கிகளில் போட்டிருந்த பணத்தைத் தேடி வங்கிக்காரர்களைப் பார்த்ததும் அந்தப் பயணத்தில்தான். 22-ஆம் தேதி காலையில் பேல் ந ப்ளா என்ற இடத்தில் வண்டிகள் நின்று வழி கேட்டன. வழி சொன்னவர் எதிர்த்தரப்பின் காவலாள். திரும்பி வருவார்கள் என்று பகல் முழுக்கக் காத்திருந்து, மாலையில் பெரும்பாலோர் கலைந்துபோன பிறகுதான் வண்டிகள் வந்தன. நிற்காமல் ஓட்டச் சொன்னார் உடன் இருந்த எம்மெட் டால்டன். நிறுத்து, சண்டை போடுவோம் என்றார் காலின்ஸ். அரை மணி நேரச் சண்டையில் செத்தது அவர் ஒருவர் மட்டும்.

சுட்டவர் என்று டெனிஸ் ஓ'நீல் என்ற முன்னாள் சிப்பாயின் பெயரைப் பலர் சொல்கிறார்கள். மரண விசாரணை நடக்காததால் கதைகள் பெருகிவிட்டன. என்னைக் கேட்டால் சதியைத் தேடவே வேண்டாம். களத்தில் நின்று சுட்டுப் பழக்கமில்லாத ஆள், மறைவை விட்டு நடுச்சாலைக்கு வந்து நின்றார்.

இந்தியாவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டா?

காலின்ஸுக்கு நேரடியாக இல்லை, போராட்டத்துக்கு உண்டு. பிற்காலக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி 1913 முதல் டப்ளினில் சட்டம் படித்தார். 1916 எழுச்சிக்காரர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் வெளியேற வேண்டிவந்து, பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலானார். 1920-ல் பஞ்சாபில் இருந்த கானாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவினர், ஊரில் பிளாக் அண்ட் டான்ஸ் செய்வதைக் கேள்விப்பட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் டேலி தக்ஷாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1930-ல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய சூர்யா சென் குழு, ஈஸ்டர் எழுச்சியை முன்மாதிரியாக வைத்துக்கொண்டே கிளம்பியது.

டப்ளின் போனா எங்க பார்க்கலாம்?

க்ளாஸ்னெவின் கல்லறைத் தோட்டம். வாசலிலிருந்து கொஞ்ச தூரம்தான். அவரோடு நிச்சயமாகியிருந்த கிட்டி கீர்னன் பிறகு வேறொருவரை மணந்தாலும், அதே தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். 1975-ல் இறந்த டி வேலராவும் ஹாரி போலண்டும் அங்கேயே இருக்கிறார்கள். கார்க் பக்கம் போனால் எரிந்த வுட்ஃபீல்ட் வீட்டின் அடித்தளக் கற்களைப் பார்க்கலாம். பேல் ந ப்ளாவில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கூட்டம் நடக்கும். 2022-ல் நூறாவது ஆண்டுக்கு, உள்நாட்டுப் போரின் இரண்டு பக்கங்களிலிருந்தும் பிறந்த கட்சிகளின் தலைவர்கள் ஒரே மேடையில் பேசினார்கள். குறுகலான கிராமத்துச் சாலை, பேருந்தை நம்பாமல் வண்டி வைத்துக்கொண்டு போங்கள்.